அவன் பெயரில் ஒரு பிடி

நாய் சோற்றைத் தொடவில்லை.

இதற்கெல்லாமா ஒருத்தி பயப்படுவாள் என்று சசிகலா தன்னைத்தானே கேலி செய்துகொண்டாள். ஆனால் செவலை அப்படிப்பட்ட நாய் இல்லை. கருகிய அடிச்சோறு, புளித்த கூழ், பிள்ளைகள் துப்பிய மாங்கொட்டை என்று எதைப் போட்டாலும் வாலை ஆட்டிக்கொண்டே தின்றுவிட்டு, கிண்ணத்தையும் மூக்கால் வேலிவரை தள்ளிக்கொண்டு போகும். அன்று காலை ராத்திரிச் சாமைச் சோற்றை வாசலில் வைத்துக் கூப்பிட்டபோது அது வேலியோரத்தை விட்டு நகரவில்லை. வால் காலுக்கிடையில் போயிருந்தது. கிண்ணத்தைக்கூட அது பார்க்கவில்லை. கிண்ணத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாடா ஆச்சு ஒனக்கு? மழையில நனஞ்சி ஜொரம் வந்துடுச்சா?" என்றாள்.

செவலை அவளையும் ஒரு தடவை பார்த்தது. பிறகு திரும்பி, ஈரமான கேழ்வரகுக் கொல்லைக்குள் இறங்கி ஓடிப்போய்விட்டது.

அந்தச் சோறு சக்கரவர்த்தியின் பங்கு. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆள் ஒருவர் வெளியூர் போயிருந்தால், திரும்பி வரும்வரை சாயங்கால உலையில் அவர் பெயரைச் சொல்லி ஒரு பிடி சாமை கூடுதலாகப் போடுவார்கள். இங்கே விழுகிற பிடி அங்கே அவர் வயிற்றைக் காயவிடாது என்று நம்பிக்கை. வெந்ததும் அந்தப் பங்கைத் தனியாக எடுத்து மூடி வைத்து, காலையில் நாய்க்கோ கோழிக்கோ போட்டுவிடுவார்கள். சசிகலாவின் அத்தை செல்லியம்மாள் தன் மகன் சக்கரவர்த்திக்காக இதை ஒரு நாள் தவறாமல் செய்தாள். காய்ச்சலில் கிடந்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து செய்தாள். புரட்டாசி முடிவில் அவள் கண்ணை மூடும் முன்பு, அண்ணன் மகளான சசிகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாகச் சொன்னதும் அதைத்தான்.

"நான் போய்ட்டா அவன் பிடிய உட்றாதடி. புள்ள ரோட்ல பசியோட நிப்பான்."

சரி அத்தை என்றாள் சசிகலா. வேறு என்ன சொல்ல முடியும்? சக்கரவர்த்தி செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது என்பது அந்த மலையில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

சக்கரவர்த்தி அவளுக்கு முறை மாப்பிள்ளை. வாட்டசாட்டமான ஆள், பேச்சு கம்மி. ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து, கிணறு தோண்ட வழியில்லாத பாறை தேசங்களுக்கு, எங்கோ வடக்கே போனான். சசிகலாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. மலைக்கு செல்போன் டவர் வராத காலம். கடிதம் வந்தால் ஜீப் நிற்கிற டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அத்தைக்கு எழுத்து தெரியாது. தாய் தகப்பன் இல்லாமல் அத்தை வீட்டில் வளர்ந்து, விடுதிப் பள்ளியில் பத்தாவது வரை படித்த சசிகலாதான் படித்துக் காட்டுவாள். அத்தை நடுத்தூணில் சாய்ந்து உட்கார்ந்து, புளியிலிருந்து கொட்டையை எடுத்துக்கொண்டே, தலையைச் சாய்த்துக் கேட்பாள். ஒவ்வொரு வரி முடிந்ததும் "அப்பறம்?" என்பாள்.

நிஜமாக வந்தவை இரண்டே கடிதங்கள்.

முதல் கடிதத்தை அவனே எழுதியிருந்தான். சசியை வேறு நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள், எனக்கு அவள்மேல் அந்த எண்ணம் இல்லை, பாவம், அவளைக் காக்க வைக்காதீர்கள் என்று எழுதியிருந்தான். அந்த வரி வந்ததும் சசிகலா வாய்விட்டுப் படிப்பதை நிறுத்தினாள். அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "சசியைக் காத்திருக்கச் சொல்லுங்கள்" என்று மாற்றிப் படித்துவிட்டாள் சசிகலா. அத்தைக்கு வாயெல்லாம் பல். அன்று ராத்திரி முழுக்க சசிகலா அழுதாள். அழுகைக்கு நடுவிலும், தான் சொன்ன பொய்யை நினைத்து நினைத்துக் கொஞ்சம் சந்தோஷப்பட்டாள். அந்த வயசு அப்படி.

இரண்டாவது கடிதம் அவனோடு வேலை செய்த கருப்பன் என்பவன் எழுதியது. துளை போடும் இரும்பு ராடை மாற்றும்போது மேலிருந்து நழுவி விழுந்துவிட்டது, அண்ணன் அந்த இடத்திலேயே போய்விட்டார், ஊருக்குக் கொண்டுவர வழியில்லாமல் நாங்களே அங்கே அடக்கம் செய்துவிட்டோம். சசிகலா முதல் வரியைப் படிக்கும் முன்பே விஷயத்தைக் கண்ணால் பார்த்துவிட்டாள். எதிரே அத்தை, கையில் பாதி உரித்த புளியோடு, கல்யாணச் சேதி கேட்கிறவள்போல் காத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா எழ்தியிருக்கான்? அப்பறம்?"

"அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம்" என்று படித்தாள் சசிகலா.

அதற்குப் பிறகு நிறுத்த வழியே இல்லாமல் போயிற்று. திருப்பத்தூர் போகும்போதெல்லாம் இன்லண்டு கடிதம் வாங்கி வந்து, விடுதியில் கற்றுக்கொடுத்த கடிதத் தமிழில் அவளே எழுதினாள். நலம், நலமறிய ஆவல். பாறை மாவு படிந்து என் தலைமுடி வெள்ளையாகிவிட்டது. உள்ளங்கை காய்த்துவிட்டது. ஏன் வரவில்லை என்று அத்தை அரிக்க ஆரம்பித்ததும், இடது காலில் அடிபட்டுவிட்டது, சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறேன், குணமானதும் வருகிறேன் என்று ஒரு காரணத்தையும் சேர்த்தாள். டவர் வந்ததும், நாங்கள் இருக்கும் காட்டில் போன் எடுக்காது என்றாள். ஒவ்வொரு கடிதத்திலும் தனக்கென்று ஒரு வரி வைத்துக்கொண்டாள். சசியின் பின்னல் நினைவுக்கு வருகிறது. சசி கொல்லையில் குனிந்து களை எடுக்கும்போது பாடுவாளே, அது கேட்கிறது. உயிரோடு இருந்தவரை அவளை நிமிர்ந்து பார்க்காதவன், கடிதத்தில் அவளை உருகி உருகி நேசித்தான். அதைச் சத்தமாகப் படிக்கும்போது அவளுக்கு வெட்கமாக வரும். அத்தை அந்தக் கடிதங்களை மஞ்சள் பையில் போட்டு அடுப்புக்கு மேலே உத்தரத்தில் மாட்டி வைத்திருந்தாள். பை கருத்துப்போய்ப் புகை வாசனை அடித்தது.

அப்படியே காலம் ஓடிப்போயிற்று. சசிகலா மகளிர் குழுவின் சாமை அரவை மெஷினுக்கு வேலைக்குப் போனாள். முடியில் நரை கண்டது. பெண் கேட்டு வந்தவர்களை, "எம்புள்ள வந்துடுவான்" என்று அத்தையே திருப்பி அனுப்பினாள். சசிகலா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

கடைசியில் வாய் திறந்து கேட்டவன் இளவழகன். ஷேர் ஜீப் ஓட்டுகிறவன், மனைவியை இழந்தவன். முன் சீட்டில் தன் துண்டைப் போட்டு வைத்து, யார் ஏறப் பார்த்தாலும் "ஆள் வருது" என்று சொல்லி, மெஷின் வேலை முடிந்து சசிகலா வரும்வரை காத்திருப்பான். அத்தையின் காரியம் முடிந்த பிறகு ஒரு நாள், சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்கும் வயசாவுது, ஒனக்கும் வயசாவுது. ரெண்டு பேரும் ஒண்ணா ஆவலாமே சசி."

மலைப்பாதை வளைவு முழுவதும் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. செங்கத்துக்குக் கிட்டே அவன் அக்கா வீட்டில் தாலி கட்டுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனே வந்து அழைத்துப் போவான். அதுவரை, அத்தைக்குக் கொடுத்த வாக்குக்காக, அவள் சக்கரவர்த்தி பெயரில் பிடி போட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் நாலு நாள்தானே என்று நினைத்தாள்.

நாய் சோற்றைத் தொடாதது அந்தத் திங்கட்கிழமைதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் கிண்ணம் காலியாக இருந்தது. மூடி வைத்த தட்டு ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கிண்ணத்தை யாரோ கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். செவலை இன்னும் திரும்பி வரவில்லை. அடுப்படி மண் தரையில், பின்கதவிலிருந்து கிண்ணம் இருந்த இடம்வரை, வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சுண்ணாம்பு என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தாள். சுண்ணாம்பு இல்லை. மாவு மாதிரி நைசாக, ஈரமாக, விரலில் ஒட்டிக்கொண்டது. முகர்ந்தபோது டீசலும், புதுசாக உடைத்த பாறையின் சூடான வாசனையும் வந்தது.

காலடிகள். வலது கால் நேராகப் பதிந்திருந்தது. இடது கால் ஒவ்வொரு முறையும் இழுபட்டு, ஒரு கோடு போட்டிருந்தது.

சக்கரவர்த்திக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன. சாய்ந்து நடக்கிற கால் அவள் எழுதியது.

அரவை மெஷின் கொட்டகையில் அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. வெளியே மேகம் தரையோடு இறங்கி, எதிரே இருந்த புளியமரத்தை விழுங்கிவிட்டிருந்தது. உமி பறந்து மூக்கில் ஏறியது. கூட வேலை செய்யும் பச்சையம்மா சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள். சசிகலா சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏங்க அக்கா, வெளியூர்ல செத்துட்டவன் பேருக்குத் தெரியாத்தனமா பிடி போட்டுட்டா இன்னா ஆவும்?"

பச்சையம்மா ஊசியை நிறுத்தினாள். "யார் போட்டாங்க?"

"யாரும் இல்ல. கேட்டேன்."

"சும்மாகூட கேக்காதடி. பிடி உசுரோட இருக்கறவனுக்குத்தான். செத்தவனுக்கு கல்லுதான் வெக்கணும். ஓடையிலேர்ந்து கல்லு எடுத்துனு வந்து, பேரு சொல்லி, 'அப்பா நீ செத்துட்ட, இதான் ஒன் எடம்'னு அவங்கிட்டயே சொல்லணும். சொன்னாத்தான் அவனுக்குத் தெரியும். சொல்லாம சோறு மட்டும் போட்டுனு இருந்தா, தான் செத்ததே தெரியாம வூட்டத் தேடிக்கினு வந்துடுவான்."

"இத்தினி வருசம் வராதவன் இப்ப எதுக்கு வருவான்?"

"பெத்தவ இருந்தா வாசல்லயே நிறுத்தி சோறு போட்டிருப்பா. அவ போய்ட்டா யாரு நிறுத்துவா?" என்றாள் பச்சையம்மா, அவள் முகத்தைப் பார்த்து. "இன்னாடி, மூஞ்சி வெளுத்துப் போச்சி?"

அன்று சாயங்காலம் அவள் பிடி போடவில்லை. கையில் அள்ளிய சாமையை மறுபடி பானையிலேயே கொட்டினாள். தனக்கு மட்டும் கஞ்சி வைத்தாள். மழை விட்டிருந்தது, ஆனால் தகரக் கூரையிலிருந்து சொட்டு விழுந்துகொண்டே இருந்தது, ஒன்று வாளியில், ஒன்று கல்லில், ஒன்று வாழை இலையில் என்று மூன்று விதமாக. கொல்லைக்கு அப்பால் காடு இருட்டிக்கொண்டு வந்தது, ஈரப் புல்லின் வாசனையும் மாட்டுச் சாணியின் வாசனையும் அடங்கி, அதன் கீழேயிருந்து மெதுவாக, வேண்டாத விருந்தாளி கனைப்பதுபோல், டீசல் வாசனை எழுந்தது.

சொட்டுச் சத்தத்துக்கு நடுவே தரைக்குள்ளிருந்து ஓர் அதிர்வு வந்தது. முதலில் அவள் காலில்தான் உணர்ந்தாள். இரும்பு பாறையை இடிப்பது மாதிரி. ரொம்ப ஆழத்தில். நின்றது. பின்கதவுக்கு வெளியே கால் இழுபடும் சத்தம் கேட்டது.

"நலம், நலமறிய ஆவல்."

ஆண் குரல். ஆனால் பேசுகிற குரல் இல்லை, படிக்கிற குரல். அந்த மலையில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். சக்கரவர்த்தி அப்படிப் பேசவே மாட்டான். அவன் இருந்திருந்தால் "இன்னா சசி, வூட்ல யாரு" என்றுதான் கேட்டிருப்பான்.

"இங்கு மழை அதிகம். இரவில் சசியின் பின்னல் நினைவுக்கு வருகிறது. பாறை மாவு படிந்து என் தலைமுடி வெள்ளையாகிவிட்டது. சசியைக் காத்திருக்கச் சொல்லுங்கள்."

சசிகலா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். அவளுடைய வார்த்தைகள். கமா போட்ட இடத்தில்கூட நிறுத்தினான். பயத்தைவிட அவமானம் முதலில் வந்தது. யாருக்கும் தெரியாமல் எழுதியதை எல்லாம் ஒருவன் வெளியே நின்று ஒப்பிக்கிறான். அப்புறம்தான் பயம் வந்தது. குரல் கடிதம் கடிதமாகச் சொல்லிக்கொண்டே போயிற்று. எல்லாம் தீர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

புதன், வியாழன் இரண்டு ராத்திரியும் பச்சையம்மா வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், பெட்டி எடுக்க மட்டும் திரும்பி வந்தாள். வந்ததும் துணிமணிகளை அள்ளி வைத்தாள். தகரப் பெட்டியின் அடியில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழே, நிஜக் கடிதங்கள் இரண்டும் இருந்தன. கருப்பனின் கடிதத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஓடையிலிருந்து கையகலக் கல் ஒன்றும் எடுத்து வந்திருந்தாள். ஊருக்கு வெளியே, சாயங்காலம் போகிற வழியில், அதை நட்டு, கடிதத்தைப் படித்துச் சொல்லிவிடலாம். இளவழகன் பக்கத்தில் இருப்பான். எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபோதே மனசு லேசாயிற்று.

நாலு மணிக்கு மழை பிடித்தது. கரண்டு போயிற்று. போன் அடித்தது.

"சசி, ரெடியா இரு. வளைவுல மரம் சாஞ்சி கெடக்குது, வெட்டினு இருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரம் ஆவும்."

"சீக்கிரம் வாங்க."

"இன்னா கொரல் ஒரு மாதிரி இருக்குது? பயமா?"

"அதெல்லாம் இல்ல. வாங்க நீங்க."

"புது சட்டை போட்டுனு இருக்கேன். நீ எடுத்துக் குடுத்த நீலம். நனஞ்சாலும் பரவால்லன்னு போட்டுனு வர்றேன்" என்று சிரித்தான். லைன் கட்டாயிற்று.

முன்கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். பின்கதவுக்கு உலக்கையை முட்டுக் கொடுத்தாள். மேகம் சன்னலில் வந்து உட்கார்ந்தது. சாயங்காலமே இருட்டிவிட்டது. தகரத்தின்மேல் மழை கொட்டிய கொட்டில் தன் மூச்சுச் சத்தமே அவளுக்குக் கேட்கவில்லை. முன்கதவில் முதுகைச் சாய்த்து நின்று, ஜீப் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

டீசல் வாசனை வந்தது. ஜீப் என்றுதான் நினைத்தாள்.

வாசனை வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

உலக்கை வைத்தது வைத்தபடி இருந்தது. அடுப்புக்கு அந்தப் பக்கம், சாமை மூட்டைகள் ஓரமாக, தலையில் துண்டைப் போட்டுக் குனிந்தபடி ஓர் ஆள் நின்றான். உடம்பெல்லாம் வெள்ளை. கை விரல்களிலிருந்து பாறைச் சேறு சொட்டிக்கொண்டிருந்தது. இடது கால் சாய்ந்திருந்தது.

"அன்புள்ள சசிக்கு. நான் வந்துவிட்டேன்."

அவள் கை பின்னால் தாழ்ப்பாளைத் தேடிப் பிடித்தது. இழுத்தால் போதும். ஓடிவிடலாம். ஆனால் பச்சையம்மா சொன்னது ஞாபகம் வந்தது. சொன்னால்தான் அவனுக்குத் தெரியும். இன்றைக்குச் சொல்லாவிட்டால் செங்கத்துக்கும் வருவான். தாலி கட்டுகிற வீட்டு வாசலிலும் வந்து நின்று ஒப்பிப்பான்.

இடுப்பிலிருந்து கடிதத்தை எடுத்தாள். செல்போன் விளக்கைப் போட்டாள். வெளிச்சம் சுவரெல்லாம் ஓடிக் கடிதத்தில் வந்து நின்றது.

"மாமா. ஒனக்கு ஒரு லெட்டர் வந்துது. அப்பவே வந்துது. நாந்தான் படிக்கல. இப்ப படிக்கறேன், கேளு."

அவன் மெதுவாக நகர்ந்து, நடுத்தூணில் சாய்ந்து உட்கார்ந்தான். காலை மடக்கினான். தலையைச் சாய்த்தான். அத்தை உட்கார்ந்த இடம். அத்தை சாய்த்த மாதிரியே.

"மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, கருப்பன் எழுதுவது" என்று ஆரம்பித்தாள். "அண்ணனும் நானும் ஒரே வண்டியில்தான்..."

"அப்பறம்?"

அது கடிதத் தமிழ் இல்லை. அத்தையின் வார்த்தை, அத்தையின் ஆசை. சசிகலா கடிதத்தைப் பார்த்தாள். அடுத்த வரி தெளிவாக இருந்தது. ராடு விழுந்தது முகத்தின்மேல், பார்க்கிற மாதிரி இல்லை, அதனால்தான் போட்டோ எடுத்து அனுப்பவில்லை, மன்னிக்கவும். படித்தால் போதும். ஒரே ஒரு வரி. அதைப் படித்துவிட்டால் அவன் போய்விடுவான், அவள் பிழைத்துக்கொள்வாள்.

எதிரே அவன் காத்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் வழி தெரியாமல் நடந்து, கடைசியில் வீடு வந்து சேர்ந்தவன்போல் கையை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல சேதிக்காக.

"நான் நலம்" என்று படித்தாள் சசிகலா.

சொன்ன உடனே தன் வாயில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஒருத்தரிடம் நீ செத்துவிட்டாய் என்று சொல்ல அவளுக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

அவன் தலையை ஆட்டினான். சந்தோஷமாக. பிறகு தலையிலிருந்த துண்டை எடுத்தான்.

"நீ என் கையை எழுதினாய். காலை எழுதினாய். தலைமுடியை எழுதினாய்" என்றான். "முகத்தை எழுதவே இல்லையே, சசி."

வெள்ளை முடிக்குக் கீழே ஒன்றுமில்லை. களி உருண்டையைத் தண்ணீர் தொட்டு வழித்துவிட்ட மாதிரி, நெற்றியிலிருந்து கழுத்துவரை வழவழவென்று இருந்தது. குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அழுவதற்குக் கண்கூட அவள் எழுதி வைக்கவில்லை.

பயந்தாள். அலறியிருப்பாள். ஆனால் அதைவிடப் பெரிதாக இரக்கம் வந்தது. தான் ஆக்கி, பாதியில் விட்ட பிள்ளை. ஒரு முகத்தைச் சொல்லிவிட்டால் நிம்மதியாகப் போய்விடுவானோ?

கண்ணை மூடி ஞாபகப்படுத்திப் பார்த்தாள். போட்டோ ஒன்றுகூட இல்லை. எத்தனை வருஷம். நினைத்து நினைத்துத் தேய்ந்துபோன முகம். ஆனாலும் ஏதோ ஒன்று தெரிந்தது. தெரிந்ததைச் சொன்னாள்.

"நெத்தி அகலம். புருவம் அடர்த்தியா இருக்கும். சிரிச்சா கண்ணு சின்னதாயிடும்."

எதிரே ஈரமாக, மெதுவாக, ஏதோ நகரும் சத்தம்.

"மூக்கு ஒரு பக்கமா கொஞ்சம் கோணல். மீசையில ஒரு பக்கம் நரை. மோவாய்ல குழி."

"அப்பறம்?"

"மேல் பல்லு ஒண்ணு பாதி ஒடஞ்சிருக்கும். டயர் மாத்தறப்ப ஜாக்கி தெறிச்சி..."

நாக்கு அப்படியே நின்றது.

ஜாக்கி. டயர். சக்கரவர்த்தி ஜீப் ஓட்டியதே இல்லை.

கண்ணைத் திறந்தாள்.

தூணில் சாய்ந்து, வெள்ளை முடிக்குக் கீழே, இளவழகன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்த உடைந்த பல் தெரிய. கண்கள் சின்னதாகிவிட.

வெளியே ஹாரன் அடித்தது.

ஒரே ஹாரன். விடாமல். கை வைத்து அழுத்தியதுபோல் இல்லை, ஏதோ பாரம் அதன்மேல் சாய்ந்ததுபோல் நீளமாக. பிறகு நின்றது. சன்னல் இடுக்கில் ஹெட்லைட் வெளிச்சம் வந்து விழுந்தது. ஜீப் கதவு திறக்கும் சத்தம். சேற்றில் காலடி. பாதையில் இல்லை. வேலியில் மோதி, விழுந்து, எழுந்து. அப்புறம் சுவரைத் தடவிக்கொண்டே வரும் கைகள். மண் சுவர். சன்னல் சட்டம். கதவு.

யாரும் கூப்பிடவில்லை. வரும்போதே "சசி" என்று கத்திக்கொண்டு வருகிறவன்.

தாழ்ப்பாளை இழுத்தாள்.

நீலச் சட்டை. அவள் எடுத்துக் கொடுத்தது. மழையில் உடம்போடு ஒட்டியிருந்தது. செல்போன் வெளிச்சத்தை மெல்ல மேலே தூக்கினாள். காலர் பட்டன். கழுத்து. அதற்கு மேலே ஒரே தோல். மழை அதில் எங்கும் தங்காமல் வழிந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் தோல் உள்ளே இழுத்தது, உப்பியது, மறுபடி இழுத்தது.

இரண்டு கைகளும் காற்றில் துழாவி அவளைக் கண்டுபிடித்தன. தோள், காது, கன்னம் என்று குளிர்ந்த விரல்கள் ஊர்ந்தன. அவள்தானா என்று பார்த்தன.

வீட்டுக்குள்ளிருந்து, இளவழகனின் குரலில், ஒருவன் கேட்டான்.

"யார் வந்திருக்கிறார்கள், சசி?"

அவள் கன்னத்தில் ஊர்ந்துகொண்டிருந்த விரல்கள் அந்தக் குரலைக் கேட்டு அப்படியே நின்றன.